கில்டேரில் பிரிஜிட் தேவியின் நெருப்பு இன்னும் எரிகிறதா?

கேள்வி, 2025 ஜனவரி 18

அயர்லாந்தில் கில்டேர் என்ற ஊரில், பிரிஜிட் என்ற கெல்டிக் தீத் தெய்வத்துக்கு ஏற்றிய நெருப்பு இரண்டாயிரம் ஆண்டுகளாக அணையவே இல்லை என்று ஒரு காணொளியில் பார்த்தேன். கிறித்தவம் வந்ததும் தேவியைப் புனிதராக்கி, பெயரை மட்டும் அப்படியே விட்டுவைத்தார்களாம். பிப்ரவரியிலும் மே மாதத்திலும் ஜூனிலும் கிராமத்தார் மூட்டும் தீ எல்லாமே அவளுக்கானதுதானாம். அங்கே இருப்பவர்கள் யாராவது உறுதிசெய்ய முடியுமா?

2025 ஜனவரி 19

முடியாது. நெருப்பு அணைந்தது. இப்போது கில்டேர் ஊர்ச் சதுக்கத்தில் எரிவது 2006 பிப்ரவரி 1 அன்று அப்போதைய குடியரசுத் தலைவர் மேரி மெக்அலீஸ் ஏற்றியது. அதற்கான சுடர் பிரிஜிடைன் என்ற துறவற சபைக் கன்னியரின் விளக்கிலிருந்து வந்தது. அந்த விளக்கை அவர்கள் ஏற்றியது 1993இல். கணக்குப் போட்டால் முப்பத்திரண்டு வயது. என்னைவிட இளையது.

பழைய நெருப்பை 1220இல் டப்ளின் பேராயர் ஹென்றி அணைக்கச் சொன்னார் என்று எழுதுகிறார்கள். நடுவில் எழுநூற்றுச் சொச்சம் ஆண்டுகள் வெறும் சாம்பல். இரண்டாயிரம் ஆண்டுக் கதையைக் காணொளிக்காரர்கள் எங்கே பிடித்தார்களோ தெரியாது.

நான் ராஸ்காமன் மாவட்டத்தில் ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். முதியோர் இல்லத்தில் இரவுநேரச் செவிலி. கில்டேருக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். பேராலயத்தின் கல்லறைத் தோட்டத்துக்குள் 'நெருப்பு வீடு' என்று ஓர் இடத்தைக் காட்டுவார்கள். முழங்கால் உயரக் கல் சுவர், நீள்சதுரம், உள்ளே ஈரப் புல். நான் போன இரண்டு முறையும் மழை.

2025 ஜனவரி 19, நள்ளிரவு தாண்டி

இன்று எனக்குப் பணி இல்லை. உடம்புக்கு அது தெரியாததால் தூக்கம் வரவில்லை. மேலே சுருக்கமாக விட்டதை எழுதுகிறேன்.

கில்டேர் நெருப்பைப் பற்றி விரிவாக எழுதியவர் வேல்ஸ் நாட்டுப் பாதிரியார் ஜெரால்ட். 1185இல் இங்கிலாந்து இளவரசர் ஜானுடன் அயர்லாந்துக்கு வந்தவர். அவருக்கு ஐரிஷ்காரர்களைக் கண்டால் ஆகாது. ஆனால் அதிசயக் கதை கிடைத்தால் விடமாட்டார். அவர் சொல்வது இது: நெருப்பைச் சுற்றி வட்டமாகச் சுள்ளி வேலி. அதற்குள் எந்த ஆணும் கால் வைக்கக் கூடாது. நெருப்பை வாயால் ஊதக் கூடாது. துருத்தியோ முறமோதான். இத்தனை காலம் விறகு எரிந்தும் சாம்பல் கூடவே இல்லையாம்.

காவலுக்குப் புனித பிரிஜிட் மடத்தின் பத்தொன்பது கன்னியர், ஆளுக்கு ஓர் இரவு. பத்தொன்பதாவது ஆள் இருபதாம் இரவுக்கு விறகை அருகே அடுக்கிவிட்டு, "பிரிஜிட், உன் நெருப்பை நீயே பார்த்துக்கொள், இது உன் முறை" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். காலையில் பார்த்தால் விறகு எரிந்திருக்கும், நெருப்பு இருக்கும். இறந்து அறுநூறு ஆண்டுக்கு மேல் ஆனவரையும் இரவுப் பணிப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். ஆள் பற்றாக்குறை என்று நள்ளிரவில் ஃபோன் வரும்போதெல்லாம் எனக்கு இந்தப் பட்டியல்தான் நினைவுக்கு வரும்.

வேலியைத் தாண்டிய வில்வீரன் ஒருவனின் கதையும் உண்டு. உள்ளே குதித்து நெருப்பை வாயால் ஊதினான். பித்துப் பிடித்தது. எதிரில் வருபவர்களின் வாயில் எல்லாம் ஊதி "பிரிஜிட்டின் நெருப்பை இப்படித்தான் ஊதினேன்" என்று சொல்லிக்கொண்டே அலைந்தான். கடைசியில் தண்ணீர் கேட்டுக் குடித்துக் குடித்து வயிறு வெடித்துச் செத்தான். இன்னொருவன் ஒரு காலை மட்டும் உள்ளே விட்டானாம். அந்தக் கால் சூம்பிப்போயிற்று.

2025 ஜனவரி 21

திருத்தம். 'எழுநூற்றுச் சொச்சம்' என்று நான் எழுதியது தவறு என்று இங்கே ஒருவர் பிடித்திருக்கிறார். சரிதான். 1220க்குப் பிறகு நெருப்பைத் திரும்ப ஏற்றினார்கள் என்றும், இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்த 16ஆம் நூற்றாண்டு வரை அது எரிந்தது என்றும்தான் கில்டேரில் சொல்கிறார்கள். அப்படியானால் இடைவெளி ஏறத்தாழ நானூற்றைம்பது ஆண்டுகள். முந்நூறு ஆண்டு தள்ளுபடி. இடைவெளி இடைவெளிதான்.

பெரிய ஓட்டை வேறு பக்கம் இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டில் கொகிடோசஸ் என்ற துறவி கில்டேரிலிருந்தே பிரிஜிட்டின் வாழ்க்கையை எழுதினார். பேராலயத்தின் உள்ளமைப்பு, ஆண்களையும் பெண்களையும் பிரிக்கும் தடுப்பு, பலிபீடத்தின் இருபுறமும் இருந்த கல்லறைகள் எல்லாம் அதில் வருகின்றன. நனைந்த மேலாடையை அவள் சூரியக் கதிரின் மேல் காயப்போட்டதும் வருகிறது. அணையா நெருப்பு வரவில்லை. தன் வாசலில் எரியும் நெருப்பை அந்த ஊர்க்காரரே விட்டுவிட்டார், ஐந்நூறு ஆண்டு கழித்து வெளியூர்க்காரர் வந்து எழுதினார் என்றால் எனக்குச் சந்தேகம் வருகிறது.

2025 ஜனவரி 22

ஒரே நாளில் மூன்று சொல்லாராய்ச்சிகள் வந்துவிட்டன. 'பிரிஜிட்' என்பது 'பெருகு தீ' என்கிறார் ஒருவர். 'பிடாரி' என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர் சமஸ்கிருத 'பிருஹதீ' என்கிறார்.

முதல் இருவருக்கும் வணக்கம். மூன்றாமவர் பாதி சரி. பிரிஜிட்டின் மூலம் 'பிரிகந்தி', 'உயர்ந்தவள்' என்று பொருள். பிருஹதீ அதற்கு உறவுச் சொல். ஒரே பாட்டனின் பேத்திகள், அவ்வளவே. ஒருத்தி கிளம்பிப் போய் இன்னொருத்தி ஆகவில்லை. வட இங்கிலாந்திலும் தெற்கு ஸ்காட்லாந்திலும் ரோமானியர் காலக் கல்வெட்டுகளில் பிரிகாந்தியா என்ற தெய்வம் இருக்கிறாள். ஸ்காட்லாந்தின் பிர்ரென்ஸ் என்ற ரோமானியக் கோட்டையில் கிடைத்த சிலையில் கையில் ஈட்டி, பக்கத்தில் கேடயம், ரோமானியத் தெய்வம் மினர்வாபோல நிற்கிறாள். அவளும் ஒரு பேத்தி. அவள்தான் அயர்லாந்தின் பிரிஜிட் என்று பெயரை மட்டும் வைத்துச் சொன்னால், நம் ஊரில் உள்ள எல்லா 'பெரியநாயகி'களும் ஒரே அம்மன் என்று ஆகிவிடும்.

தேவி இருந்ததற்குச் சான்று உண்டு. 908இல் இறந்த கோர்மக் என்ற மன்னர்-ஆயரின் பெயரில் வழங்கும் சொல்லகராதி அது. அதில் பிரிஜிட், தாக்தா என்ற பழைய ஐரிஷ் தெய்வத்தின் மகள், கவிஞர்கள் வழிபட்ட தெய்வம். அதே பெயரில் இரண்டு சகோதரிகள். ஒருத்தி மருத்துவத்துக்கு, ஒருத்தி கொல்லுத் தொழிலுக்கு. கவனியுங்கள், 'தீத் தெய்வம்' என்ற சொல் அங்கே இல்லை. தீக்கு அருகே வருவது கொல்லன் உலை மட்டும். அவள் முதலில் கவிதைக்காரி. காணொளிக்காரர்கள் அதைச் சொல்வதில்லை. கவிதைக்கு யார் லைக் போடுவார்கள்?

2025 ஜனவரி 29

இத்தனை நாள் வராததற்குக் காரணம் எயோவின் என்ற புயல். வெள்ளிக்கிழமை 24ஆம் தேதி விடியற்காலை. கால்வே கடற்கரையில் மணிக்கு 183 கிலோமீட்டர் காற்று, நாட்டில் இதுவரை பதிவானதிலேயே அதிகம். 7,68,000 இணைப்புகளுக்கு மின்சாரம் போயிற்று. எங்கள் பக்கம் இன்னும் வரவில்லை. ஃபோன் கோபுரமும் விழுந்தது. இதை டவுன் நூலகத்தில் ஃபோனைச் சார்ஜ் போட்டுவிட்டு எழுதுகிறேன். எனக்குப் பின்னால் ஏழு பேர் வரிசையில் நிற்கிறார்கள், ஒருவர் கையில் பல் துலக்கும் இயந்திரம்.

நான் வாடகைக்கு இருப்பது பழைய பண்ணை வீடு. சூடேற்றும் பாய்லருக்கும் மின்சாரம் வேண்டும். மிச்சம் இருந்தது கூடத்துத் திறந்த கணப்பு. பக்கத்து வீட்டுப் பெரியவர் இரண்டு மூட்டை டர்ஃப் கொண்டுவந்து போட்டார். டர்ஃப் என்பது சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த மண்கட்டி. கருப்புச் செங்கல்போல இருக்கும். சுடர் குறைவு, தணல் அதிகம். வாசனை மூன்று நாள் தலைமுடியில் நிற்கும்.

முதல் இரவு எட்டுக் கட்டிகள் போட்டு, ஆச்சி செய்ததுபோல மேலே சாம்பலைப் பொத்திவிட்டுப் படுத்தேன். காலையில் கணப்பில் கை வைத்தால் கல்லறை. தீக்குச்சியும் நமுத்துப்போயிருந்தது.

வரிசையில் இருப்பவர் முறைக்கிறார். பிறகு.

2025 ஜனவரி 31

கயத்தாறு பக்கம் எங்கள் ஆச்சி வீட்டில் 1980கள் வரை இரவில் அடுப்பை அணைத்ததில்லை. கங்குகளை ஒரு பக்கம் ஒதுக்கி, நடுவில் ஓர் எருவாட்டியை வைத்து, நீறைப் போட்டு மூடுவாள். விடியும்போது கிளறினால் சிவப்பாக இருக்கும். அக்கம்பக்கத்தார் எருவாட்டித் துண்டோடு நெருப்பு வாங்க வருவார்கள். விளக்கை 'அணை' என்று சொல்ல விடமாட்டாள். 'குளிர வை' என்றுதான் சொல்ல வேண்டும். அதையும் வாயால் ஊதக் கூடாது, பூவால் ஒற்ற வேண்டும். அடுப்பை மட்டும் நாள் முழுக்க ஊதுகுழலால் ஊதிக்கொண்டிருப்பாள். ஜெரால்டின் வில்வீரன் கதையைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்ததற்கு இதுதான் காரணம்.

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஜெனரேட்டர் ஓடுகிறது. அங்கே தொண்ணூறைத் தாண்டிய ஓர் அம்மா, மேயோ மாவட்ட எல்லையில் ஒரு பண்ணையில் பிறந்தவர். விடியற்காலை மருந்து கொடுக்கும்போது என் கணப்பின் கதையைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "மேலே போட்ட சாம்பல் சூடானதா, பழையதா?"

பழையது. வெளியே வாளியில் கிடந்தது, ஈரம் வேறு.

"கொன்றுவிட்டாயே" என்றார்.

அன்றைய தீயின் சூட்டுச் சாம்பலைத்தான் போட வேண்டுமாம். கங்குகளை நெருக்கமாகக் கூட்டி, புதுக் கட்டிகளை நிறுத்தாமல் படுக்கவைத்து, இடைவெளி தெரியாமல் மூட வேண்டும். அந்த வேலைக்கு ஐரிஷ் மொழியில் 'கொகில்த்' என்று பெயர். அதே சொல்லுக்குச் சேமித்தல், விட்டுவைத்தல் என்றும் பொருள். அவருடைய தாயார் மூடும்போது சொல்லும் வேண்டுதலைச் சொன்னார்: கிறிஸ்து எல்லாரையும் காப்பதுபோல் இந்த நெருப்பைக் காக்கிறேன், வீட்டின் இரு முனைகளிலும் பிரிஜிட், நடுவில் மரியாள்.

இந்த வேண்டுதல் தொகுப்புகளில் பல வடிவங்களில் இருக்கிறது. நான் படித்துமிருக்கிறேன். ஆனால் ஒருவர் இரண்டு கைகளாலும் போர்வையின் மேல் சாம்பலைக் கூட்டுவதுபோல் செய்துகொண்டே சொல்லிக் கேட்டது அன்றுதான்.

அவர் தேவியைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று உங்களுக்காகவே கேட்டேன். "தேவியா? அவள் லௌத் மாவட்டத்துக்காரி" என்றார். பிரிஜிட் பிறந்த ஊர் லௌத்தில் உள்ள ஃபாகர்ட் என்பது மரபு. விசாரணை முடிந்தது.

நேற்று இரவு அவர் சொன்னபடி மூடினேன். காலையில் இருந்தது.

2025 பிப்ரவரி 2

நேற்று பிரிஜிட் திருநாள். நாளை திங்கட்கிழமை அரசு விடுமுறை. 2023இல்தான் இந்த விடுமுறையே தொடங்கியது. மின்சாரம் இல்லாதவர்களுக்குக் கூடுதலாக ஒரு நாள் இருட்டு.

முந்தின மாலை இல்லத்தில் நாணல் சிலுவை பின்னினோம். நாணலை வெட்டக் கூடாது, பிடுங்க வேண்டும் என்று ஒரு சாரார். வெட்டினால் என்ன என்று இன்னொரு சாரார். சக்கர நாற்காலிகளில் உட்கார்ந்துகொண்டே பெரிய சண்டை. நான்கு கை வைத்து நடுவில் சதுரம் வரும் வடிவம் எல்லாருக்கும் தெரியும், 1961இல் தொடங்கிய தேசியத் தொலைக்காட்சி அதைத்தான் பல ஆண்டுகள் சின்னமாக வைத்திருந்தது. சிலுவையைக் கூரைக்கு அடியில் செருகுவார்கள். எதற்கு என்றால், வீடு தீப்பிடிக்காமல் இருக்க. காணொளியின்படி தீத் தெய்வம். கூரையில் இருப்பவள் தீயணைப்பு நிலையம்.

சாம்பலைப் பற்றி இன்னொன்று. ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் வரி அதிகாரியாக இருந்த அலெக்சாண்டர் கார்மைக்கேல் ஊர் ஊராகச் சேகரித்து 1900இல் வெளியிட்ட தொகுப்பில் இருக்கிறது. பிரிஜிட் திருநாளுக்கு முந்தின இரவில் ஓட்ஸ் கதிர்க்கட்டுக்கு ஆடை உடுத்திக் கூடையில் படுக்கவைத்து, பக்கத்தில் ஒரு கோலை வைப்பார்கள். கணப்புச் சாம்பலைச் சமமாக நிரவிவிட்டுத் தூங்கப் போவார்கள். காலையில் சாம்பலில் கோல் பட்ட தடம் இருந்தால் நல்லது. அவள் காலடியே இருந்தால் அந்த ஆண்டு முழுக்க விளைச்சல். ஒன்றுமே இல்லையென்றால் வீடு சோர்ந்துவிடும். கார்மைக்கேல் பாடல்களுக்கு மெருகேற்றினார் என்ற குற்றச்சாட்டு உண்டு. இந்தச் சாம்பல் விஷயத்தில் அவரை நம்பத் தோன்றுகிறது.

நானும் நேற்று இரவு நிரவிவிட்டுப் படுத்தேன். காலையில் காலடி இருந்தது. பக்கத்து வீட்டுப் பூனையுடையது. கதவிடுக்கு வழியாக வந்து சூட்டுக்கு அருகே சுருண்டு கிடந்திருக்கிறது.

2025 பிப்ரவரி 5

மின்சாரம் வந்துவிட்டது. முதலில் செய்தது வாஷிங் மெஷினைப் போட்டது. இரண்டாவது, இந்த இழையை முதலிலிருந்து படித்தது.

ஜனவரி 21இல் நான் எழுதிய கொகிடோசஸ் வாதம் எனக்கே இப்போது உறுத்துகிறது. அவர் எழுதவில்லை, அதனால் நெருப்பு இருந்ததே சந்தேகம் என்றேன். ஆச்சி முப்பது நாற்பது ஆண்டுகள் தினமும் கங்கு மூடியதை யார் எழுதினார்கள்? அந்த வீட்டில் இருக்கும் எழுத்து நிலப் பத்திரமும் கல்யாணப் பத்திரிகைகளும்தான். தினமும் நடப்பது யார் பேனாவிலும் ஏறாது. வெளியூர்க்காரர் வந்தால்தான் "இது என்ன?" என்று கேட்பார். ஜெரால்ட் வெளியூர்க்காரர். ஆகவே அந்த வாதத்தை வாபஸ் வாங்குகிறேன். நெருப்பு 7ஆம் நூற்றாண்டில் இருந்திருக்கலாம்.

"அப்படியானால் தேவியின் நெருப்பு என்று ஒப்புக்கொள்கிறீர்கள்" என்று கேள்வி கேட்டவர் உடனே பாய வேண்டாம். ஒப்புக்கொள்ளவில்லை. அணையா நெருப்பு கில்டேரின் தனிச்சொத்து அல்ல. சைகிர் மடத்தில் புனித கீரன் ஈஸ்டர் அன்று ஏற்றிய நெருப்பை ஆண்டு முழுவதும் அணைக்கக் கூடாது என்று விதித்ததாக அவருடைய வரலாறு சொல்கிறது. அதை அணைத்த பையனை ஓநாய் கொன்றது. ஸ்லைகோ கடலுக்கு அப்பால் இனிஷ்மரே தீவில் 'நெருப்பு வீடு' என்றே பெயர் கொண்ட கட்டடம் இருக்கிறது. அதுவும் ஆண் துறவிகள் இருந்த இடம். கீரனுக்கு ஒரு தீத் தெய்வத்தை யாரும் தேடவில்லையே. தீக்குச்சி இல்லாத, மழை விடாத ஒரு நாட்டில், மடம் பெரிதென்றால் நெருப்பும் பெரிதாக இருக்கும்.

2025 பிப்ரவரி 6

நேற்று எழுதியதில் எனக்கு எதிரான சான்றை நானே மறைத்துவிட்டேன், நியாயம் இல்லை. 3ஆம் நூற்றாண்டு ரோமானிய எழுத்தாளர் சோலினஸ், பிரிட்டனில் வெந்நீர் ஊற்றுகள் இருக்கும் இடத்தில் மினர்வாவின் கோயில் உண்டு என்கிறார். அங்கே நெருப்பு அணைவதே இல்லையாம். அது வெள்ளைச் சாம்பலாகாமல் கல் உருண்டைகளாகிவிடுமாம். வெந்நீர் ஊற்று என்றால் பாத் நகரம்; அங்கே மினர்வாவை உள்ளூர்க் கெல்டிக் தெய்வம் சூலிஸோடு சேர்த்து 'சூலிஸ் மினர்வா' என்று வழிபட்டார்கள். கல் உருண்டை என்றது நிலக்கரிக் கசடு என்று ஓர் எளிய விளக்கம் இருக்கிறது, அந்தப் பக்கத்தில் நிலக்கரி உண்டு. ஒரு கெல்டிக் பெண் தெய்வத்தின் வீட்டில் அணையாத நெருப்பு, சாம்பலைப் பற்றி ஓர் அதிசயம். ஜெரால்டும் சாம்பல் அதிசயம் சொல்கிறார்.

ஆனால் ஜெரால்ட் லத்தீன் படித்தவர். சோலினஸ் இடைக்காலத்தில் நிறைய வாசிக்கப்பட்டவர். சாம்பல் அதிசயம் கில்டேர் கணப்பிலிருந்து வந்ததா, ஜெரால்டின் புத்தக அலமாரியிலிருந்து வந்ததா? இங்கே எனக்குக் கால் தரையில் ஊன்றவில்லை. இரண்டு பக்கமும் ஓர் அடி வைத்து நிற்கிறேன். சூம்பாமல் இருந்தால் சரி.

2025 பிப்ரவரி 6, சற்றுப் பிறகு

ஜெரால்ட் சொன்ன ஒன்றை விட்டுவிட்டேன். அவர் அந்தப் பகுதியை அதில்தான் தொடங்குகிறார். இந்த நெருப்பை அணையாதது என்று அழைப்பது அணைக்க முடியாது என்பதால் அல்லவாம். கன்னியர் அத்தனை கவனமாக விறகு போட்டுக் காப்பதால்தானாம். அதிசயத்தைத் தேடி அலைந்த மனிதர் முதல் வரியிலேயே இதைச் சொல்கிறார். இரவுப் பணிக்காரர்களுக்கு வேறு என்ன பாராட்டு வேண்டும்?

2025 மே 1

இழை தூங்கிவிட்டது. இன்று பெல்ட்டைன், அதாவது மே மாதத் தீ விழா, என்பதால் எழுப்புகிறேன்.

கேள்வியில் மே, ஜூன் தீயும் பிரிஜிட்டுக்கு என்று இருந்தது. அந்தப் பகுதிக்கு இதுவரை நான் பதில் எழுதவில்லை. மே தீக்குச் சான்று பழையது, அதே கோர்மக் அகராதி: மந்திரம் ஓதி இரண்டு நெருப்புகளை மூட்டி, ஆண்டின் நோய்கள் அண்டாமல் இருக்க மாடுகளை நடுவே ஓட்டினார்கள். அங்கே பிரிஜிட்டின் பெயர் இல்லை. வேடிக்கை என்னவென்றால் பிரிஜிட்டின் சொந்த நாளான பிப்ரவரி 1, 'இம்போல்க்', பழைய நூல்களில் ஆடுகளின் பாலோடுதான் வருகிறது. பெருந்தீ மூட்டியதாக இல்லை. இணையத்தில் 'இம்போல்க் தீ விழா' என்று வருவது பெரும்பாலும் நம் காலத்து வேலை. எடின்பரோவின் பெல்ட்டைன் விழா 1988இல் தொடங்கியது. இங்கிருந்து பக்கத்தில் உஷ்ணக் குன்றில் மே தீ 2009இலிருந்து. (ஊர்ப் பெயரே உஷ்ணக்தான். தயவுசெய்து யாரும் சொல்லாராய்ச்சி தொடங்க வேண்டாம்.) அங்கே போயிருக்கிறேன். டிக்கெட் எடுத்து, முகத்தில் சாயம் பூசியவர்களுக்கு நடுவே நின்று பார்த்தேன். தீ நன்றாக இருந்தது. கண் கலங்கியது புகையால் என்று வீட்டில் சொன்னேன்.

இல்லத்து அம்மாவுக்கு அந்த விழாக்களில் ஆர்வம் இல்லை. அவர் சொன்னது வேறு: மே 1 அன்று வீட்டு நெருப்பை வெளியாளுக்குக் கொடுக்கக் கூடாது. கங்கும் கூடாது, பாலும் கூடாது. கொடுத்தால் அந்த ஆண்டின் வெண்ணெய் அவர்களோடு போய்விடும். எங்கள் ஆச்சி வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு நெருப்பு கொடுக்கமாட்டாள். அவள் சொன்ன காரணம் லட்சுமி. வெண்ணெய்க்கும் லட்சுமிக்கும் நடுவில் ஏறத்தாழ ஒன்பதாயிரம் கிலோமீட்டர் இருக்கிறது. இதற்கு ஒரு பொதுத் தெய்வத்தைக் கண்டுபிடிக்க யாராவது தயாராக இருப்பார்கள். எனக்குப் போதுமான காரணம், நெருப்பு கிடைப்பது கடினமாக இருந்தது என்பதே.

2025 ஜூன் 24

நேற்று இரவு புனித யோவான் தீ. மேற்கு அயர்லாந்தில் இன்னும் விடாமல் நடக்கிறது. எங்கள் நாற்சந்தியில் மரப்பலகைத் தட்டுகள், உடைந்த கோழிக்கூடு, ஒரு சோபா. சோபாவை எரிக்கக் கூடாது என்று ஒருவர் சட்டம் பேசினார். அவரே அதைத் தூக்க ஒரு பக்கம் பிடித்தார். பெரியவர் ஒருவர் அணையும் நேரத்தில் ஒரு கங்கைக் கரண்டியில் எடுத்துத் தன் உருளைக்கிழங்கு வயலில் எறிந்தார். எதற்கு என்று கேட்டேன். "அப்பா எறிவார்" என்றார்.

இதுவும் பிரிஜிட் அல்ல. ஜூன் 23 இரவுத் தீ ஸ்பெயினிலும் உண்டு, ஐரோப்பாவின் பல மூலைகளிலும் உண்டு. இதைக் கெல்டிக் என்று சொல்வதே கஷ்டம். வரலாற்றாசிரியர் ரொனால்ட் ஹட்டன் இப்படிப்பட்ட 'பழஞ்சமய எச்சம்' கதைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டவர். நான் இந்த இழையைத் தொடங்கும்போது அவர் பக்கம் முழுதாக நின்றேன். இப்போதும் பெரும்பாலும் அங்கேதான். ஆனால் அந்தக் கரண்டியை மறக்க முடியவில்லை.

2025 நவம்பர் 9

அந்த அம்மா அக்டோபரில் போய்விட்டார். கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். தூக்கத்தில், என் பணி இல்லாத இரவில்.

வீட்டுக்காரர் கணப்பை அடைத்து வெப்ப பம்ப் வைக்கப் போகிறார். டர்ஃப் விற்கக் கட்டுப்பாடு வந்த பிறகு பலரும் அப்படித்தான். எனக்கு ஆட்சேபம் இல்லை. நெஞ்சுச் சளியோடு வருபவர்களுக்கு மருந்து கொடுப்பவள் நான், புகையைப் புகழ்ந்து எழுத எனக்குக் கூசும்.

2025 டிசம்பர் 14

ஊட்டியிலிருந்து எழுதியவருக்கு: சீகை விறகுக் கங்கை மூடினேன், காலையில் அணைந்துவிட்டது என்கிறீர்கள். இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, சாம்பல் பழையது. இரண்டு, ஜனவரி 29இல் நான் எழுதிய 'எட்டுக் கட்டி'யை நீங்கள் அப்படியே எடுத்துக்கொண்டது. அது தோற்ற இரவின் கணக்கு. மூன்று போதும். சீகை சீக்கிரம் எரிந்து தீரும் விறகு என்றால், நடுவில் ஒரு காய்ந்த எருவாட்டியை வைத்துச் சூட்டுச் சாம்பலால் மூடிப் பாருங்கள், ஆச்சியின் முறை.

அறையில் ஜன்னலை முழுதாகச் சாத்தாதீர்கள். மூடிய கங்கு சத்தமில்லாமல் நச்சுப்புகை விடும், படுக்கும் அறை என்றால் கண்டிப்பாக வேண்டாம். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஆன்லைனில் கிடைக்கும். வாங்கிவிட்டுப் பிறகு மூடுங்கள்.